ஆற்றின் நடுவே மாநில எல்லை: தூண்டில் உரிமம் எதுவரை செல்லும்?

அமெரிக்காவில் மீன்பிடி உரிமம் நாடு முழுவதற்குமாக வழங்கப்படுவதில்லை. தூண்டில் போட விரும்புபவர் தாம் மீன்பிடிக்கும் மாநிலத்தின் உரிமத்தை வைத்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. நியூ ஜெர்சியில் வாங்கிய உரிமத்துடன் பென்சில்வேனியாவின் உள்நாட்டு ஏரி ஒன்றில் தூண்டில் போட்டால் அபராதம் கட்ட நேரும். ஆனால் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஓடும் டெலவேர் ஆற்றில், அதே உரிமத்துடன் பென்சில்வேனியா பக்கம் படகைச் செலுத்தி மீன்பிடிப்பவரை யாரும் தடுப்பதில்லை. ஒரே மனிதர், ஒரே உரிமம், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறுபட்ட விடைகள். பலரைக் குழப்புவது இந்த வேறுபாடுதான்.

இதற்குக் காரணம், அண்டை மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்டிருக்கும் பரஸ்பர உரிம ஏற்பு ஒப்பந்தங்கள். 'உன் உரிமத்தை நான் மதிக்கிறேன், என் உரிமத்தை நீ மதி' என்பதே அவற்றின் சாரம். அவை எந்த நீரில் செல்லும், யாருக்குச் செல்லும், எந்த விதி உடன் வரும், எது வராது என்பவை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுகின்றன. அந்த மாற்றங்கள் முதல் பார்வையில் தாறுமாறாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவற்றின் பின்னே ஒரே கேள்வி நிற்கிறது: தண்ணீரின் நடுவே நிற்கும் ஒரு படகு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை யாரால் நிரூபிக்க முடியும்?

அடிப்படை: மீனின் மீது அதிகாரம் யாருக்கு?

இந்திய அரசமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருப்பதைப் போலவே, அமெரிக்காவிலும் உள்நாட்டு நீர்நிலைகளின் மீன்களைக் காப்பதும் பிடிப்பை முறைப்படுத்துவதும் மாநிலங்களின் பொறுப்பு. காட்டு விலங்குகளும் மீன்களும் மாநிலத்தின் சொத்து என்றே ஒரு காலத்தில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கருதியது. 1896ஆம் ஆண்டின் கீர் வழக்குத் தீர்ப்பு அதைத் தெளிவாகவே சொன்னது. 1979இல் அந்தக் கருத்தைக் கைவிட வைத்தது தூண்டில் இரையாகப் பயன்படும் பொடிமீன் என்பது சுவையான செய்தி. ஓக்லஹோமாவில் வாங்கிய பொடிமீன்களை டெக்சாஸுக்குக் கொண்டு சென்ற வணிகர் ஒருவர் மீது ஓக்லஹோமா வழக்குத் தொடுத்தது. தன் ஆற்று மீன்களை வெளியே விற்கவே கூடாது என்று ஒரு மாநிலம் தடுக்க முடியாது என அந்த வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீன் மாநிலத்தின் சொத்து என்ற கொள்கை அதனுடன் முடிவுக்கு வந்தது. மீனைக் காக்கும் அதிகாரமும் உரிமம் வழங்கும் அதிகாரமும் மாநிலங்களிடமே நீடித்தன.

உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் ஒரே கட்டணம் விதிக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இங்கே நீதிமன்றங்கள் பிழைப்பையும் பொழுதுபோக்கையும் பிரித்துப் பார்த்தன. தென் கரோலினா இறால் படகுகளுக்குத் தன் மாநிலத்தவரிடம் 25 டாலரும் பிற மாநிலத்தவரிடம் 2,500 டாலரும் கேட்டபோது, பிழைப்புத் தொழிலில் அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மான்டானாவின் எல்க் மான் வேட்டை வழக்கில் நிலைமை தலைகீழானது. அங்கே உள்ளூர்க்காரர் 9 டாலரில் உரிமம் பெறலாம். வெளியூர்க்காரரோ 225 டாலருக்குக் கூட்டு உரிமம் வாங்கியாக வேண்டும். 1978இல் நீதிமன்றம் இதை அனுமதித்தது. பொழுதுபோக்கு வேட்டை வாழ்வாதாரம் அன்று, எனவே எல்லா மாநிலக் குடிமக்களுக்கும் சமமாகத் தரவேண்டிய அடிப்படை உரிமைகளில் அது அடங்காது என்பது அதன் வாதம். பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது. வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் உள்ளூர், வெளியூர் என்று வேறுபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பதை 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமாகவே இயற்றியது.

ஆகவே, தன் உரிமத்தைப் பக்கத்து மாநிலம் ஏற்றாக வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பரஸ்பர ஏற்பு என்பது மாநிலங்கள் விரும்பிச் செய்துகொள்ளும் ஏற்பாடு. விரும்பினால் விலகவும் செய்யலாம்.

எல்லை எங்கே ஓடுகிறது?

மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை விரும்பியதற்குக் காரணம் தாராள மனம் அன்று; ஆறுகளின் மீது கோடு போட முடியாததே. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓர் ஆறு ஓடினால் எல்லை அதன் நடுவில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல இடங்களில் அப்படி இல்லை.

ஒஹாயோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஆற்றுக்கு வடமேற்கே இருந்த நிலத்தை வர்ஜீனியா 1784இல் ஒன்றிய அரசிடம் ஒப்படைத்தது; ஆற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பின்னர் 1792இல் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலமான கென்டக்கிக்கு அந்த ஆறு போய்ச் சேர்ந்தது. ஆகவே கென்டக்கியின் எல்லை வடகரையின் தாழ்நீர்க் கோடு, அதாவது கோடையில் நீர் வற்றும்போது தண்ணீர் நிற்கும் விளிம்பு, வரை நீள்கிறது என்று 1820இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதன் பிறகு கப்பல் போக்குவரத்துக்காக அணைகள் கட்டப்பட்டன, நீர்மட்டம் உயர்ந்தது, பழைய கரை நீருக்கடியில் போனது. எல்லை இன்றைய கரையா, அன்றைய கரையா என்று ஒஹாயோவும் கென்டக்கியும் வழக்காடின. 1792இல் இருந்த தாழ்நீர்க் கோடுதான் எல்லை என்பது 1980இல் வந்த தீர்ப்பு. விளைவு என்ன? ஒஹாயோ கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து தூண்டிலை வீசுபவரின் கால் ஒரு மாநிலத்திலும் மிதவை இன்னொரு மாநிலத்திலும் இருக்கக்கூடும். நடுவே உள்ள கோடு, இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய, இப்போது கண்ணால் காண முடியாத ஒரு கரை.

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களுக்கு நடுவே ஓடும் கனெக்டிகட் ஆற்றிலும் இதே கதைதான், பெயர்கள் வேறு. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1764இல் பிறப்பித்த ஆணையின் அடிப்படையில், வெர்மான்ட் பக்கத்துத் தாழ்நீர்க் கோடே எல்லை என்று 1933இல் தீர்ப்பானது. ஆறு முழுவதும் நியூ ஹாம்ப்ஷயருக்கு. வெர்மான்ட் வாசியின் வீட்டு வாசலில் ஓடும் தண்ணீர் சட்டப்படி பக்கத்து மாநிலம். பொடோமாக் ஆறும் 1632ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் மேரிலாந்துக்குச் சென்றது. எதிர்க்கரை வர்ஜீனியர்கள் அங்கே மீன்பிடிக்கும் உரிமையை 1785இல் செய்த உடன்படிக்கை உறுதிசெய்தது. அப்படியும் சிப்பி எடுப்பதில் தகராறு ஓயவில்லை. மேரிலாந்து ரோந்துக் காவலர்கள் சுட்டதில் 1959இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். கடலோதம் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதிக்கு இன்று இரு மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் பொடோமாக் ஆற்று மீன்வள ஆணையம் உண்டு. அதற்கான உடன்படிக்கை 1958இல் எழுதப்பட்டது.

மிசிசிப்பியில் எல்லை உண்மையாகவே நடுவில்தான் இருக்கிறது. ஆனால் அது கரைகளுக்கு நடு அன்று, கப்பல்கள் செல்லும் முக்கிய ஆழ்வழியின் நடு. ஆறு மெல்ல மெல்லத் தடம் நகர்ந்தால் எல்லையும் உடன் நகரும். ஒரே வெள்ளத்தில் திடீரெனப் புதுத் தடம் போட்டால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். மிசூரி ஆறு 1877இல் அப்படித் தடம் மாறியதால்தான் அயோவாவின் கார்ட்டர் லேக் என்னும் ஊர் இன்றும் நெப்ராஸ்காவின் கரையில் கிடக்கிறது.

ஒரு வலையால் வந்த தீர்ப்பு

எல்லை ஆறுகளில் இரு மாநிலங்களும் சட்டத்தை நடைமுறைப்படுத்தலாம் என்பதை 'இணை அதிகாரம்' என்பார்கள். மேற்கே உள்ள பல மாநிலங்களை ஒன்றியத்தில் சேர்த்தபோதே இது எழுதப்பட்டுவிட்டது. நல்ல ஏற்பாடுதான், இரு மாநிலச் சட்டங்களும் ஒன்றாக இருக்கும்வரை.

கொலம்பியா ஆற்றில் அவை ஒன்றாக இல்லை. அங்கே வாஷிங்டன் மாநிலம் சுருக்குவலையை அனுமதித்தது; எதிரே ஒரிகன் தடை செய்தது. வாஷிங்டனின் உரிமம் பெற்ற நீல்சன் என்பவர் ஆற்றின் வாஷிங்டன் பகுதியில் சுருக்குவலையை விரித்தார். இணை அதிகாரம் தனக்கும் உண்டு என்று ஒரிகன் அவரைத் தண்டித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் வெளிப்படையாக அனுமதித்த செயலுக்கு, இணை அதிகாரத்தைக் காட்டி இன்னொரு மாநிலம் தண்டிக்க முடியாது என்று 1909இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

இது தொழில்முறை மீன்பிடிப்பு பற்றிய வழக்குதான். என்றாலும் தூண்டில் உரிமங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை என்பேன். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு எல்லை ஆறுகளில் அயல் மாநிலப் படகைத் தண்டிக்க நினைக்கும் காவலர், அந்தப் படகு கோட்டின் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் காட்ட வேண்டியவர் ஆகிறார். நகரும் ஆழ்வழியையோ நீரில் மூழ்கிய பழங்கரையையோ வைத்து நீதிமன்றத்தில் அதைக் காட்டுவது எத்தனை பாடு! தூண்டில்காரரிடம் மாட்டும் சில்லறை அபராதத்துக்காக நில அளவையாளரைக் கூட்டிவர எந்த மாநிலமும் விரும்பாது. இரண்டு உரிமங்களில் எது இருந்தாலும் சரி என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் மலிவு.

ஒப்பந்தம் எந்த வடிவில் வருகிறது?

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பொடோமாக் போன்ற பெரிய உடன்படிக்கைகளுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. சாதாரண உரிம ஏற்புக்கு அது தேவையில்லை. ஒன்றியத்தின் அதிகாரத்தைக் குறைத்து மாநிலங்களின் அரசியல் பலத்தைக் கூட்டும் உடன்பாடுகளுக்கே ஒப்புதல் வேண்டும் என்று 1893ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வரையறுத்திருக்கிறது. ஆகவே பெரும்பாலானவை, இரு சட்டமன்றங்களும் தத்தம் மீன்வளத் துறைக்கு அனுமதி கொடுக்க, துறைத் தலைவர்கள் கையெழுத்திடும் எளிய ஏற்பாடுகள். அதனாலேயே அவற்றைச் சத்தமில்லாமல் திருத்தவும் முடிகிறது. சென்ற ஆண்டு செல்லுபடியானது இந்த ஆண்டும் செல்லும் என்று நம்பியிருப்பது ஆபத்து.

எது கடக்கிறது, எது கடக்கவில்லை

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவை இவை. ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.

1. எந்த நீர்? ஒப்பந்தம் பெயர் சொல்லும் எல்லை நீருக்கு மட்டுமே பொருந்தும். கலிபோர்னியா, நெவாடா இரண்டில் எதன் உரிமம் இருந்தாலும் டஹோ ஏரியில் மீன்பிடிக்கலாம்; அந்த ஏரியிலிருந்து புறப்பட்டு நெவாடாவுக்குள் ஓடும் டிரக்கி ஆற்றில் ரீனோ நகரில் தூண்டில் போட நெவாடா உரிமம் வேண்டும். அதே ஆறு போய்ச் சேரும் பிரமிட் ஏரியிலோ மாநில உரிமமே போதாது, அது பய்யூட் பழங்குடியினரின் நிலம் என்பதால் அவர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

2. யாருடைய உரிமம்? கனெக்டிகட் ஆற்றில் வெர்மான்ட்டின் உள்ளூர்வாசி உரிமம் ஏற்கப்படுகிறது. வெர்மான்ட் வெளியூர்க்காரருக்கு விற்கும் உரிமம் ஏற்கப்படுவதில்லை. பாஸ்டனிலிருந்து வருபவர் நியூ ஹாம்ப்ஷயரின் உரிமத்தையே வாங்கியாக வேண்டும். ஆற்றோரம் வாழும் அண்டை வீட்டாருக்குச் சலுகை தரலாம், மூன்றாம் மாநிலத்தவர் எந்தக் கடையில் விலை குறைவு என்று பார்த்து வாங்குவதற்கு இடம் தரக் கூடாது என்பதே இதன் தர்க்கம்.

3. படகிலா, கரையிலா? கொலம்பியா ஆற்றின் எல்லைப் பகுதியில் படகில் இருப்பவருக்கு ஒரிகன், வாஷிங்டன் இரண்டில் ஏதேனும் ஒன்று போதும். கரையில் நின்று வீசுபவருக்கு அந்தக் கரைக்குரிய மாநிலத்தின் உரிமம் கட்டாயம். தண்ணீரில்தான் எல்லை தெரியாது. கரையில் நிற்பவர் எந்த மாநிலத்தில் நிற்கிறார் என்பதில் ஐயமே இல்லை.

4. எந்தத் தேதிவரை? மின்னசோட்டாவின் உரிம ஆண்டு மார்ச் 1இல் தொடங்குகிறது, விஸ்கான்சினுடையது ஏப்ரல் 1இல். வெர்மான்ட் நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுகிறது. நியூயார்க்கின் உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டு செல்லும். காலாவதியான உரிமத்துக்கு எதிர்க்கரையில் புத்துயிர் கிடைக்காது.

5. உரிமமே தேவைப்படாதவர் நிலை என்ன? சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன, வயது வரம்புதான் வேறுபடுகிறது. விலக்கு என்பது உரிமம் ஆகாது என்பதால், தாய் மாநிலத்தில் விலக்குப் பெற்றவர் மறுபக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தனியே பார்க்க வேண்டும். டெக்சாஸும் லூசியானாவும் இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன. 65 வயது நிரம்பியவர் தம் மாநில உரிமத்துடன் மற்ற மாநிலத்தில் மீன்பிடிக்கலாம்.

6. கூடுதல் முத்திரைகள். டிரவுட், சால்மன் போன்ற சில மீன்களுக்கு அடிப்படை உரிமத்துக்கு மேல் தனி முத்திரையோ சீட்டோ கேட்கும் மாநிலங்கள் உண்டு. உரிமம் ஏற்கப்படுவதால் அவையும் தானாக ஏற்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

இரயில் பாதையும் முதல் பாலமும்

எல்லைக் கோட்டின் சிக்கலைத் தவிர்க்கப் போட்ட ஒப்பந்தத்துக்கும் ஒரு விளிம்பு வேண்டும் அல்லவா? மிசிசிப்பி போன்ற ஆறு ஒற்றை நீரோட்டம் அன்று. பக்கவாட்டில் தேங்கிய நீர்ப்பரப்புகளும் கிளை வாய்க்கால்களும் தீவுகளும் பின்னிக் கிடக்கும் காடு. அதில் 'ஆறு' எங்கே முடிகிறது, விஸ்கான்சினின் குளம் எங்கே தொடங்குகிறது?

இந்த இடத்தில் மாநிலங்கள் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி இரயில் பாதைகள் ஓடுகின்றன. விஸ்கான்சின் பக்கத்து இரயில் பாதைக்கும், எதிரே மின்னசோட்டா அல்லது அயோவா பக்கத்து இரயில் பாதைக்கும் இடைப்பட்ட நீரெல்லாம் எல்லை நீர், அங்கே எந்தப் பக்கத்து உரிமமும் செல்லும் என்று வகுத்துவிட்டார்கள். கருங்கல் ஜல்லி மேட்டின் மீது கிடக்கும் தண்டவாளத்தைப் பார்க்க வரைபடம் வேண்டாம், நீதிமன்றத்தில் நிரூபிக்க அளவையாளரும் வேண்டாம். வெள்ளத்தில் அது இடம் மாறுவதுமில்லை. மேட்டுக்கு அடியில் ஒரு மதகு இருந்து, அதன் வழியே சிறு படகு அப்பால் நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. அது உள்மாநில நீர்.

கனெக்டிகட் ஆற்றில் இரயிலுக்குப் பதில் பாலம். வெர்மான்ட் பக்கத்துத் துணையாறுகளில், ஆற்றிலிருந்து மேல்நோக்கி வரும்போது குறுக்கிடும் முதல் சாலைப் பாலம்வரை எல்லை நீர். பாலத்தைத் தாண்டினால் வெர்மான்ட். ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளமுள்ள ஷாம்ப்ளேன் ஏரியில் நியூயார்க்கும் வெர்மான்ட்டும் அகன்ற நடு ஏரியைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் நிலத்துக்குள் ஒடுங்கும் பகுதிகளை ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்திருக்கின்றன. மாலெட்ஸ் விரிகுடாவும் தீவுகளுக்குக் கிழக்கே உள்ள பகுதியும் வெர்மான்ட்டுக்கே உரியவை, தெற்கு விரிகுடா நியூயார்க்குக்கே உரியது. மூன்று பக்கமும் ஒரே மாநிலத்தின் நிலம் சூழ்ந்த விரிகுடாவில் எந்தப் படகோட்டியும் 'வழி தவறிவிட்டேன்' என்று சொல்ல முடியாது என்பதால், அங்கே விட்டுக்கொடுக்கவும் காரணம் இல்லை.

பிடித்த பிறகு எந்தச் சட்டம்?

மிகுதியான வழக்குகள் முளைப்பது இங்கேதான். உரிமம் கொடுப்பது மீன்பிடிக்கும் அனுமதியை. எத்தனை மீன், எவ்வளவு நீளம், எந்த மாதம், எத்தனை தூண்டில் என்பவை நீரோடு ஒட்டிய விதிகள். மின்னசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் கோடையில் ஒருவர் ஒரு தூண்டில் மட்டுமே போடலாம், விஸ்கான்சினில் மூன்று போடலாம். பழக்கத்தில் கை அதையே செய்யும் என்பதுதான் தொல்லை.

மிசிசிப்பி அகன்று ஏரியாக விரியும் பெப்பின் ஏரியைக் கற்பனை செய்வோம். மின்னசோட்டாவின் லேக் சிட்டியில் ஒருவர் படகை இறக்குகிறார். காலை முழுவதும் தம் கரையோரம் வால்ஐ எனப்படும் மீனைப் பிடித்துப் படகின் நீர்த்தொட்டியில் உயிரோடு போடுகிறார். பகலில் காற்று திரும்பவே, எதிர்க் கரையை நோக்கிச் செல்கிறார். அவர் மின்னசோட்டா உரிமம் வைத்திருப்பவர். விஸ்கான்சின் காவலர் அதை ஏற்பார். ஆனால் அவர் தொட்டியைத் திறக்கச் சொல்வார். காலையில் பிடித்தது, பகலில் பிடித்தது என்ற பிரிவினை அங்கே எடுபடாது, தொட்டிக்குள் இருக்கும் மொத்த எண்ணிக்கைதான் பேசும். நாள் வரம்பு 4 என்று வைத்துக்கொண்டால், இரு மாநிலமும் தனித்தனியே 4 தருவதால் 8 என்று கூட்டக் கூடாது. இரண்டு மாநில உரிமங்களையும் காசு கொடுத்து வாங்கியவருக்கும் இதே கணக்குதான். பிடித்த மீனைப் படகிலேயே துண்டு போடுவதும் இதனால்தான் தவிர்க்க வேண்டியது. தலையும் வாலும் போன மீனின் நீளத்தைக் காவலர் எப்படி அளப்பார்?

எந்த மாநில விதியைப் பின்பற்றுவது என்பதில் பொதுவாக மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. படகு நிற்கும் நீருக்குரிய மாநிலத்தின் விதி என்பது ஒன்று. ஆறு முழுவதும் ஒரே மாநிலத்துடையதாக இருந்தால் இது எளிது. கனெக்டிகட் ஆற்றில் நியூ ஹாம்ப்ஷயரின் விதிகளே செல்கின்றன. எல்லை நடுவில் ஓடும் நீரில் இதே வழி, ஒழிக்க நினைத்த நிரூபணச் சிக்கலைப் பின்வாசல் வழியே அழைத்து வந்துவிடுகிறது. எனவே இரண்டாவது வழி, இரு மாநிலங்களும் பேசி அந்த நீருக்கு மட்டும் ஒரே விதியை வகுப்பது. கொலம்பியாவின் சால்மன் பருவத்தை ஒரிகனும் வாஷிங்டனும் கூட்டாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தித் தீர்மானிக்கின்றன. மூன்றாவது வழியில் இரு விதிகளில் கடுமையானது எதுவோ அது பொருந்தும். ஐயம் இருக்கும்போது தூண்டில்காரர் தாமாகவே இதைப் பின்பற்றினால் எந்தக் கரையிலும் மாட்டிக்கொள்ள மாட்டார்.

மாட்டிக்கொண்டால் விளைவு ஒரு மாநிலத்தோடு முடிவதில்லை. சட்டத்தை மீறிப் பிடித்த மீனை மாநில எல்லை தாண்டிக் கொண்டு செல்வது 1900ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின் கீழ் ஒன்றியக் குற்றமாகலாம். கொலராடோ, நெவாடா, ஒரிகன் ஆகிய மூன்றும் 1989இல் தொடங்கி, இன்று பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துவிட்ட வன உயிரினக் குற்றவாளிகள் உடன்படிக்கையின்படி, ஓரிடத்தில் உரிமம் முடக்கப்பட்டவர் தம் சொந்த மாநிலத்திலும் அதை இழக்கலாம். இந்த உடன்படிக்கைக்கு எல்லை ஆறுகளோடு மட்டும் நிற்கும் வரம்பு இல்லை.

ஏன் எல்லா நீருக்கும் விரிவாக்கவில்லை?

பணம். மாநில மீன்வளத் துறைகளின் பெரும் வருவாய் உரிமக் கட்டணம், அதில் வெளியூர்க்காரரிடம் வாங்குவது கூடுதல். நியூயார்க் 2014இல் கட்டணங்களை மாற்றியமைத்தபோது ஆண்டு உரிமம் உள்ளூர்வாசிக்கு 25 டாலர், வெளியூர்க்காரருக்கு 50 டாலர் என்று வைத்தது. பரஸ்பர ஏற்பு விரிய விரிய இந்த 50 டாலர்கள் மறையும்.

அதோடு முடியவில்லை. தூண்டில் கோல், உருளை முதலான கருவிகளுக்கு உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் 10 விழுக்காடு ஆயத்தீர்வை கட்டுகிறார்கள். டிங்கெல்-ஜான்சன் சட்டம் 1950 முதல் இந்தத் தொகையை மீன்வளப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 1984 திருத்தத்துக்குப் பின் படகு எரிபொருள் வரியின் ஒரு பங்கும் இதில் சேர்ந்தது. பங்கீட்டில் 40 விழுக்காடு மாநிலத்தின் பரப்பளவையும் 60 விழுக்காடு அந்த மாநிலத்தில் காசு கொடுத்து உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. எந்த மாநிலத்துக்கும் 5 விழுக்காட்டுக்கு மேலோ 1 விழுக்காட்டுக்குக் கீழோ போகாது. ஒருவர் இரண்டு மாநிலங்களில் உரிமம் வாங்கினால் இரண்டுமே அவரைத் தம் கணக்கில் சேர்க்கும். ஒப்பந்தத்தை நம்பி ஒன்றோடு நிறுத்திக்கொண்டால், இன்னொரு மாநிலம் கட்டணத்தையும் இழக்கிறது, ஒன்றிய நிதிக்கான ஒரு தலையையும் இழக்கிறது. எல்லை ஆறு ஒன்றில் இந்த இழப்பு தாங்கக்கூடியது. காவல் செலவில் மிச்சமாவது அதை ஈடுகட்டிவிடும். மாநிலம் முழுவதற்கும் விரித்தால் தாங்காது.

இதனால்தான் சில எல்லை ஏரிகளில் ஒப்பந்தத்துக்குப் பதிலாகச் சிறு கட்டணச் சீட்டு விற்கிறார்கள். சிவப்பு ஆற்றின் மீதுள்ள டெக்சோமா ஏரியில் டெக்சாஸ் உரிமம் டெக்சாஸ் பகுதிக்கும், ஓக்லஹோமா உரிமம் அதன் பகுதிக்கும்தான் செல்லும். ஏரி முழுவதும் சுற்ற வேண்டுமானால் தனியான டெக்சோமா உரிமம் உண்டு. மிசூரி, ஆர்கன்சா எல்லையில் புல் ஷோல்ஸ், நார்ஃபோர்க், டேபிள் ராக் ஏரிகளுக்கும், சொந்த மாநில உரிமத்துடன் சேர்த்து வாங்கும் எல்லை ஏரிச் சீட்டு இருக்கிறது.

ஒப்பந்தம் எட்டாத இடங்கள்

'பெரிய ஏரிகள்' எனப்படும் ஐந்து வட அமெரிக்க ஏரிகளில் இந்தத் தாராளம் குறைவு. அவற்றுள் ஒன்றான மிச்சிகன் ஏரியில், இலினாய் மாநிலத்தின் சிகாகோவிலிருந்து புறப்படும் படகு இந்தியானாவின் நீருக்குள் போனால் இந்தியானாவின் உரிமம் வேண்டும். இத்தனைக்கும் வபாஷ் ஆற்றில் இதே இரு மாநிலங்களும் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்கின்றன. செயற்கைக்கோள் இடங்காட்டி இல்லாத படகே அரிதாகிவிட்ட இக்காலத்தில் எல்லை தெரியாது என்ற வாதம் அகன்ற ஏரியில் வலுவிழந்து நிற்கிறது. நாட்டு எல்லையோ இன்னும் கடினம். ஷாம்ப்ளேன் ஏரியின் வடமுனை கனடாவின் கியூபெக்குக்குள் நீள்கிறது. நியூயார்க், வெர்மான்ட் உரிமங்கள் இரண்டும் அங்கே வெறும் காகிதம்.

உயிருள்ள இரைக்கும் ஒப்பந்தம் எதையும் தருவதில்லை. வெளியூர்ப் பொடிமீன்களோடு ஒட்டுண்ணிகளும் அயல் இனங்களும் உள்ளூர் நீரில் நுழையும் என்பதால் மெய்ன் மாநிலம் அவற்றின் இறக்குமதியைத் தடை செய்திருந்தது. மீறி 1,58,000 பொடிமீன்களை வரவழைத்த வணிகர், பொடிமீன் வணிகத்தைத் தடுக்கக் கூடாது என்ற 1979 தீர்ப்பைத்தான் தமக்குத் துணையாகக் காட்டினார். நோய் பரவும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லை என்று மெய்ன் நிரூபித்ததால், 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிலைநிறுத்தியது. ஆகவே எல்லை ஆற்றில் எந்த உரிமமும் செல்லும் என்று அறிந்து கிளம்புபவர், வாளியில் இருக்கும் இரைமீனை எந்தக் கரையில் வாங்கினோம் என்பதையும் அதை எந்தக் கரையில் இறக்கலாம் என்பதையும் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.